லைன்மேன் நம்பர் மட்டும் போதாது

கிராமத்தில் ராத்திரி கரண்ட் போனால் முதல் வேலை, வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்ப்பது. அங்கேயும் இருட்டு என்றால் மனசு சமாதானமாகிவிடும். அங்கே விளக்கு எரிந்தால்தான் போனை எடுப்பார்கள். அந்தப் போன் நேராக லைன்மேனுக்குப் போகும். பெரம்பலூர் பக்கத்துப் பிரிவு அலுவலகம் ஒன்றில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்கும் நாலு தூறல் விழுந்தால் என் போன் அடிக்கிறது. “அண்ணே, கரண்ட் எப்ப வரும்?” என்று கேட்கிறவருக்கு நான் ஓய்வு பெற்றது தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் மின்சேவை பாதி இந்த உரிமையில்தான் ஓடுகிறது. மீதிப் பாதி ஏடுகளில் ஓடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் போவதால் வரும் சங்கடத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எந்த இடத்தில் போயிருக்கிறது?

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1-ல் தொடங்கியது. 2010 நவம்பரில் பிரிந்து, 2024-ல் மறுபடியும் பிரிந்து, விநியோகம் இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் கையில் இருக்கிறது. இணைப்புகள் 3 கோடிக்கு மேல். வட்டத்துக்கு மேற்பார்வைப் பொறியாளர், கோட்டத்துக்குச் செயற்பொறியாளர், உபகோட்டத்துக்கு உதவிச் செயற்பொறியாளர் என்று வரிசையாக அதிகாரிகள் உண்டு. ஆனால் ஊர்க்காரருக்கு அத்தனையும் சேர்ந்து ஒரே கட்டடம்தான்: பிரிவு அலுவலகம். ஒரு உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர், அவருக்குக் கீழே போர்மேன், லைன் இன்ஸ்பெக்டர், வயர்மேன்கள், ஹெல்பர்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீடு வீடாக ரீடிங் எடுக்கும் கணக்கீட்டாளர். சுற்றுவட்டார ஊர்களும் காடுகரைகளும் இவர்கள் பொறுப்பு. நாம் எல்லாரையும் சேர்த்து லைன்மேன் என்கிறோம்.

துணை மின்நிலையத்திலிருந்து 11 அல்லது 22 கிலோவோல்ட் பீடர் கிளம்பி ஊர் ஊராகப் போகிறது. ஒவ்வொரு ஊரிலும் டிரான்ஸ்பார்மர் அதை வீட்டு அளவுக்குக் குறைத்துத் தருகிறது. கோளாறு எங்கே என்பதை இருட்டின் அளவே சொல்லிவிடும். உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் வீட்டு பியூஸோ, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரோதான். ஒரு தெருவில் சில வீடுகளுக்கு இல்லை, சில வீடுகளுக்கு இருக்கிறது என்றால் டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸ் பியூஸ் போயிருக்கும். ஊரே இருட்டு என்றால் டிரான்ஸ்பார்மரின் மேல்பக்கம். நாலைந்து ஊர் சேர்ந்தாற்போல் இருட்டு என்றால் பீடரே டிரிப் ஆகியிருக்கும், துணை மின்நிலையத்தில் இருப்பவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இன்னொன்று இருக்கிறது, இதைத் தெரிந்துகொள்வது உங்கள் டிவிக்கும் பிரிட்ஜுக்கும் நல்லது. ஒரு வீட்டில் பல்பு மினுக்கட்டாம்பூச்சி மாதிரி மங்கலாகவும், அடுத்த வீட்டில் கண்ணைப் பறிக்கிற மாதிரியும் எரிந்தால் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. சில வீடுகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேல்கூடப் போகலாம். யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் மெயினை அணைத்துவிட வேண்டும். அப்புறம் போன் செய்யலாம்.

ஏட்டில் 5, கிணற்றில் 7½

எங்கள் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும். எல்லாம் கிணறு, போர். அதனால் எங்கள் பெரிய வாடிக்கையாளர் பம்புசெட்தான். வெங்காயம் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஒரு ராத்திரியில் காட்டு டிரான்ஸ்பார்மர் அடியில் நின்றால் கிராம மின்சாரம் என்றால் என்னவென்று விளங்கிவிடும்.

பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தால் மூன்று பியூஸ் கேரியரில் ஒன்று கரிந்திருக்கும். டிரான்ஸ்பார்மருக்கு வரும் கரண்டை நிறுத்தும் ஏபி ஸ்விட்சைத் திறந்து, எர்த் செய்ய டிஸ்சார்ஜ் ராடு போட்டு, புதுக் கம்பி கட்டி, மறுபடி ஸ்விட்சைப் போடுவோம். ஒரு நிமிஷம்கூட ஆகாது, இருட்டுக்குள் நாலா பக்கமும் ஸ்டார்ட்டர்கள் டக், டக் என்று விழும். பத்துப் பதினைந்து மோட்டார் ஒரே மூச்சில் கிளம்பும். பெட்டிக்குள் ஒரு பளிச். மறுபடி பியூஸ் போய்விட்டது.

“ஆட்டோ ஸ்டார்ட்டரை எடுத்துட்டு ஒவ்வொருத்தரா போடுங்க தம்பி.”

“நான் எடுத்துருவேண்ணே. பக்கத்துக் காட்டுக்காரர் எடுக்கணுமே?”

பிரச்சினை முழுக்க அந்த ஒரு பதிலில் இருக்கிறது. 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது பேஸுக்கு ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் 130 ஆம்பியருக்கு மேலேயே தாங்கும். பதினைந்து மோட்டார் ஓடினால் 105 ஆம்பியர், தாராளமாகத் தாங்கலாம். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பதினைந்தும் ஒன்றாகக் கிளம்பினால் 500 ஆம்பியரைத் தாண்டிவிடும். மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில், கரண்ட் வந்ததும் தானாக ஓடட்டும் என்று ஆளாளுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். நடுராத்திரியில் காட்டுக்குப் போய்ப் பாம்பை மிதிப்பதைவிட அது மேல்தானே. இருமுனை நேரத்திலும் தண்ணீர் வேண்டும் என்று கண்டென்சர் போட்டு ஓட்டியவர்களும் உண்டு. அப்போது அதே லைனில் இருக்கும் வீடுகளில் மின்விசிறி தள்ளாடும்.

ஆட்டோவில் டைமர் வைத்து, முதல் ஆளுக்கு ஒரு நிமிஷம், அடுத்தவருக்கு இரண்டு நிமிஷம் என்று பேசி வைத்துக்கொண்ட டிரான்ஸ்பார்மர்களில் பியூஸ் போவது பாதிக்குப் பாதி குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன். பேசி வைத்துக்கொள்ளாத இடங்களில் யாரோ ஒருவர் பொறுமையிழந்து, பியூஸ் போகவே கூடாது என்று தடித்த கம்பியைக் கட்டிவிடுவார். பியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மர் போகும். கட்டப் போனவரின் உயிரும் சில இடங்களில் போயிருக்கிறது.

இதைவிட ஆழமான கோளாறு ஏட்டில் இருக்கிறது. நிலத்தடி நீர் கீழே போகப் போக போரை ஆழப்படுத்துகிறார்கள். ஆழம் கூடினால் 5 எச்.பி. மோட்டார் இழுக்காது, 7½ இறக்குவார்கள். ஆபீஸ் ஏட்டில் மட்டும் பழைய 5 அப்படியே இருக்கும். ஏட்டைக் கூட்டிப் பார்த்தால் அந்த டிரான்ஸ்பார்மர் நன்றாகவே தாங்க வேண்டும். பொறியாளர் கூடுதல் டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டிமேட் போட்டால், பளு எங்கே கூடியிருக்கிறது என்று மேலே கேட்பார்கள். காட்டுவதற்குக் காகிதம் இருக்காது.

மீட்டர் இல்லாத வாடிக்கையாளர்

விவசாயிக்கும் மின்வாரியத்துக்கும் இடையே பெரிய வரலாறே உண்டு. 1970-களின் தொடக்கத்தில் கோவை வட்டாரத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராட்டம் நடந்தது, மாட்டு வண்டிகள் நகரத்துக்குள் நுழைந்தன. அப்போது சண்டை யூனிட்டுக்கு ஒரு பைசா, இரண்டு பைசாவுக்கு. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. குடிசைகளுக்கு ஒரு விளக்குத் திட்டம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமானது.

இதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மின்சாரத்தில் படித்து மேலே வந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய. ஆனால் ஒரு விளைவு உண்டு. இருபது லட்சத்துக்கு மேலான விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. எச்.பி. கணக்கில் அரசு மானியம் கட்டிவிடுகிறது. பட்டணத்தில் ஒரு தெருவின் பளு கூடினால் கணக்கீட்டாளரின் ரீடிங்கே காட்டிக்கொடுத்துவிடும். காட்டில் அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. வோல்டேஜ் 170-க்கு இறங்கி மோட்டார் காயில் எரிந்தாலும், விவசாயி காயில் கட்டுபவரிடம் போகிறாரே தவிர ஆபீஸில் எழுதிக் கொடுப்பதில்லை. நஷ்டம் அவர் வீட்டோடு முடிந்துவிடுகிறது.

ஐந்து மணி நேரம் எதற்கு?

“ஒரு கம்பியை இழுத்துக் கட்ட இவ்வளவு நேரமா?” என்று கேட்காத ஊர் இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகல்வரை வராது. காரணம் இதுதான்.

வேலை செய்யும் முன் துணை மின்நிலையத்தில் லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்க வேண்டும். எந்தப் பீடர், எந்த இடம், யார் பொறுப்பு என்று பதிவேட்டில் எழுதி, இங்கே நாங்களும் அந்த லைன் கிளியர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் ஸ்விட்ச் திறக்கும். திறந்த ஸ்விட்சை யாரும் போட்டுவிடாதபடி பூட்ட வேண்டும். லைனில் கரண்ட் இல்லை என்று சோதித்து, இரண்டு பக்கமும் எர்த் செய்து, பிறகுதான் ஆள் ஏறலாம். மேலே நாலு இடத்தில் நாலு கோஷ்டி இருந்தால், நாலு பேரும் இறங்கியாச்சு என்று சொல்லும்வரை லைன் கிளியரைத் திருப்பித் தர முடியாது. மூன்று கோஷ்டி முடித்து டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும் ஊர்க்காரருக்கு வயிறு எரியும். நாலாவது கோஷ்டி புளியமரத்துக் கிளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அதிலும் மரம் வெட்டப் போனால் ஒரு பஞ்சாயத்து நிச்சயம். வேம்பின் ஒரு கிளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அந்தக் கிளை கம்பியில் உரசி ஊர் இருட்டானால் பொறுக்கவும் மாட்டார்கள்.

இத்தனை முறைக்கும் அஞ்சாத ஒரு ஆபத்து, வீட்டு ஜெனரேட்டர். முறையான மாற்று ஸ்விட்ச் இல்லாமல் இணைத்திருந்தால், அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகப் பின்னால் ஏறும். டிரான்ஸ்பார்மர் அதை மறுபடி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். மேலே இருப்பவர் நிறுத்திய லைன் என்று நம்பித்தான் தொடுகிறார். கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டர் எடுப்பவர்கள் எலக்ட்ரீஷியனிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

கஜாவும் காலியிடமும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் போனோம், கேரள மின்வாரியத்துக்காரர்களும் வந்தார்கள். தென்னை மரங்கள் கம்பிமேலும் பாதைமேலும் கிடக்கும். சேற்று வயலுக்குள் கிரேன் இறங்காது. சிமென்ட் கம்பத்தைக் கயிறு கட்டித் தோளில் தூக்கித்தான் கொண்டு போக வேண்டும். தோப்பை மொத்தமாக இழந்த ஒரு அம்மா எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டு, “மெதுவா பாருங்கய்யா, எங்களுக்கு இனிமே என்ன அவசரம்” என்றார். அவர் வீட்டுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் முறைப்படி ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், அப்புறம்தான் வீடு.

புயலுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்களைத் திரட்டும் அமைப்பு, சாதாரண நாளில் ஆள் இல்லாமல் திணறுகிறது என்பதும் உண்மை. களப்பணியில் ஆயிரக்கணக்கான இடங்கள் காலி என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. 2021-ல் கேங்மேன்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டது ஓரளவு உதவி. அப்படியும் ஒரு வயர்மேன் பல ஊர்களைச் சுமக்கிறார். ஒரே நேரத்தில் மூன்று ஊரிலிருந்து அழைப்பு வந்தால் யாருக்கு முதலில் போவார்? நம்பர் வைத்திருப்பவருக்கு. நம்பர் இல்லாத காலனித் தெருவும், ஊருக்கு ஒதுங்கிய ஒற்றைக் குடிசையும் விடியும்வரை காத்திருக்கும். உறவில் ஓடும் சேவையின் மறுபக்கம் இது.

எழுதினால்தான் உண்டு

2021 ஜூனில் மின்னகம் என்ற சேவை மையம் தொடங்கப்பட்டது. எண் 94987 94987. எந்த நேரமும் கூப்பிடலாம். மின் இணைப்பு எண்ணைச் சொன்னால் புகார் பதிவாகி, உங்கள் பிரிவு அலுவலகத்துக்கு வரும். வேலை முடிந்ததாகத் தகவல் வந்தும் விளக்கு எரியவில்லை என்றால், சலித்துக்கொள்ளாமல் மறுபடி பதிய வேண்டும்.

ஊரில் இதைச் சொன்னால், “நம்ம பையன் வந்து போட்டுட்டுப் போயிட்டான், அவன் மேல எதுக்குப் புகார்?” என்பார்கள். புகார் என்றாலே ஆளைக் காட்டிக்கொடுப்பது என்ற எண்ணம். உண்மையில் அது அந்தப் பையனுக்குத்தான் தேவை. ஒரே டிரான்ஸ்பார்மரில் மாதத்தில் பத்துத் தடவை ராத்திரி வந்து பியூஸ் கட்டினாலும், பத்தும் போனிலேயே முடிந்துவிட்டால், ஆபீஸ் கணக்கில் அந்த டிரான்ஸ்பார்மர் தங்கமானது. அவன் உழைப்பும் கணக்கில் வராது, உங்கள் அவதியும் வராது.

குறைந்த வோல்டேஜ் என்றால் எழுத்தில் கொடுங்கள். எந்த நேரத்தில் மோசம் என்பதையும் குறிப்பிடுங்கள். அந்த நேரத்தில் வந்து டாங் டெஸ்டரில் பளு எடுத்தால்தான் உண்மை தெரியும். கோட்ட அலுவலகங்களில் மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்துக்கு யாரும் போகலாம். அங்கும் தீராவிட்டால் வட்டத்தில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார்கள். 7½ எச்.பி. இறக்கியவர்கள் அதை முறையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

லைன்மேனுக்குப் போன் போட வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அவருக்குப் போட்ட கையோடு மின்னகத்துக்கும் ஒரு போன் போடுங்கள். அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஒரு டிரான்ஸ்பார்மரும் ஒரு ஆளும் கேட்டு எழுதுகிற பொறியாளரிடம், மேலே காட்டுவதற்கு அப்போதுதான் ஏதாவது இருக்கும்.