திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு எக்ஸெல் டயரி

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்டாகிவிட்டது, படம் பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு நல்ல பயிற்சி இதோ. எக்ஸெல் புரோகிராமில் ஒரு வெப்ப டயரி தயாரிப்போம். ஒரு தோட்டக்காரரின் ஓராண்டு வருமானம் இப்படியொரு டயரியை நம்பி இருக்கலாம்.

ஒரே இரவில் போன விளைச்சல்

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரையில் இருக்கும் நமக்கு உறைபனி தெரியாது. பாம்பனில் ஜனவரி இரவுகளில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலம் முழுவதும் இலையின்றித் தூங்கும். வசந்த காலத்தில் வெயில் ஏறியதும் மொட்டு விடும். விரியாத மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். ஆனால், பச்சைத் துளிர் வெளியே வந்துவிட்டால், மைனஸ் 2 டிகிரி வாக்கிலேயே கருகத் தொடங்கிவிடும். கொடி மீண்டும் துளிர்க்கும் என்றாலும், அந்த இரண்டாவது துளிரில் காய் குறைவு.

பிரான்ஸ் நாட்டில் 2021 ஏப்ரல் மாதம் இதுதான் நடந்தது. மார்ச் இறுதியில் அடித்த வெயிலில் கொடிகள் சீக்கிரமே துளிர்த்தன. அடுத்து வந்த சில இரவுகளின் உறைபனி பல பகுதிகளில் விளைச்சலைக் கொண்டு போனது. இப்படிப்பட்ட இரவுகளில் அங்கே வரிசை வரிசையாக மெழுகுத் தீச்சட்டிகள் ஏற்றுகிறார்கள். சிலர் கொடிகள் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். தொடர்ந்து தெளித்தால் துளிர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகாது.

சிறிய தோட்டக்காரருக்கு இத்தனை செலவு கட்டுப்படியாகாது. அவர் கையில் இருப்பது கத்தரிக்கோல்தான். கொடியைத் தாமதமாகக் கத்தரித்தால் துளிர்ப்பும் சில நாள் தள்ளிப் போகும். எப்போது கத்தரிப்பது? இதற்குத்தான் டயரி தேவை.

10 டிகிரி கணக்கு

சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டினால்தான் திராட்சை வளரும் என்பது பொதுக் கணக்கு. அன்றைய அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 10 கழியுங்கள். வருவது அன்றைய வளர்ச்சி வெப்பம். தினமும் இதைக் கூட்டிக் கொண்டே போக வேண்டும். கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் அமெரின், விங்க்ளர் இருவரும் 1944ல் அந்த மாநிலத்தின் திராட்சைப் பகுதிகளை இந்தக் கணக்கை வைத்தே வகைப்படுத்தினார்கள்.

நம் ஊரில் பகல் 30, இரவு 24 என்றால் ஒரு நாளில் 17 கிடைக்கும். குளிர் நாட்டில் பகல் 18, இரவு 6 என்றால் கிடைப்பது 2 மட்டுமே. 100 சேர நமக்கு 6 நாள் போதும். அவர்களுக்கு 50 நாள் வேண்டும்.

டயரி தயாரிப்போம்

1. எக்ஸெல் திறந்து, முதல் படுக்கை வரிசையில் ஐந்து தலைப்புகள் கொடுங்கள்: தேதி, அதிக வெப்பம், குறைந்த வெப்பம், இன்றைய கணக்கு, மொத்தம்.

2. இரண்டாவது வரிசையில் தேதியையும் இரண்டு வெப்ப அளவுகளையும் டைப் செய்யுங்கள்.

3. டி2 செல்லில் =மேக்ஸ்(0,(பி2+சி2)/2-10) என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். (எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்.) விடை மைனஸில் வந்தால் பூஜ்யமாக எடுத்துக் கொள்ளவே மேக்ஸ்.

4. இ2 செல்லில் =டி2 என்றும், இ3 செல்லில் =இ2+டி3 என்றும் கொடுங்கள்.

5. டி2 செல்லைக் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். பார்முலா தானாக இறங்கும். இ3 செல்லையும் இப்படியே இழுக்கவும்.

6. குறைந்த வெப்பம் நெட்டு வரிசையில் எண்கள் உள்ள செல்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஹோம், கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று சென்று 3 கொடுங்கள். ஆபத்தான இரவுகள் சிவப்பில் தெரியும். பூஜ்யத்துக்குப் பதில் 3 ஏன்? தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையை ஒட்டிய குளிர், தெர்மாமீட்டர் காட்டுவதைவிட அதிகமாக இருக்கும்.

கொடி துளிர்த்த நாளையும் டயரியில் குறித்து வையுங்கள். சில ஆண்டுகள் சேர்ந்தால், மொத்தம் எவ்வளவு ஆனபோது துளிர்த்தது, கடைசிச் சிவப்பு இரவு எப்போது வந்தது என்று ஒப்பிடலாம்.

கம்பத்தில் மழைதான் வில்லன்

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே கொடியைத் தூங்க வைக்கும் குளிர் கிடையாது. கத்தரித்தால்தான் மறு துளிர். வசந்தத்தை வரவழைப்பது கத்தரிக்கோல். டிசம்பர், ஜனவரியில் கத்தரித்தால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் கத்தரித்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். இளம் இலையில் தொடர் மழை பட்டால் அடிச்சாம்பல் நோய் வரும். பழுக்கும்போது மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும்.

இவர்களுக்கு ஒரு மழை நெட்டு வரிசை போதும். கத்தரிக்கும் தேதியை ஏ2 செல்லில் கொடுத்து, பக்கத்துச் செல்லில் =ஏ2+120 என்று டைப் செய்தால் சுமாரான அறுவடைத் தேதி வந்துவிடும். முந்தைய ஆண்டுகளில் அந்த வாரம் மழை பெய்ததா என்று டயரியைப் பார்த்து, கத்தரிப்பை முன்னே பின்னே தள்ளலாம். வடகிழக்குப் பருவ மழையை நம்பி முண்டு மிளகாய் போடும் ராமநாதபுரம் விவசாயிகளும் இதே மழை வரிசையை விதைப்புக்குப் பயன்படுத்தலாம்.

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸின் கால்க் புரோகிராமை இலவசமாகப் பெற்று இதே பார்முலாக்களைக் கொடுக்கலாம். பைலை வாரம் ஒரு முறை பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள். போன வருடத்து மழையை மறுபடி அளக்க முடியாது. வீட்டில் தோட்டம் இல்லையா? பரவாயில்லை. இன்றைய வெப்பத்தை இன்றே டைப் செய்யுங்கள். பார்முலா பழகிவிடும்.