வேலையை விடுமுன் செல்லுஞ்செலவைக் கணக்கிடுங்கள்



பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, ரப்பர் மரங்களும் மரச்சீனித் தோட்டங்களும் சூழ்ந்த ஒரு கிராமத்து வீட்டை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். அது உங்கள் வீடாகவே இருக்கலாம். தகப்பனார் பால்வெட்டிச் சேர்த்த பணத்தாலும், வங்கியில் வாங்கிய கல்விக் கடனாலும் மகன் பொறியியல் படித்தான். இன்று அவன் பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறான். மாதந்தோறும் பணம் வருகிறது. ஓட்டு வீடு கான்கிரீட் வீடாயிற்று. தங்கையின் கலியாணப் பேச்சும் தொடங்கிவிட்டது.

ஒருநாள் இரவு தொலைபேசியில் அவன் சொல்லுகிறான்: "அப்பா, நான் வேலையை விடப் போகிறேன். படத்தொகுப்புப் படித்து சினிமாவிலே வேலை செய்ய விரும்புகிறேன்."

அந்த வீட்டில் அன்றிரவு ஒருவரும் உறங்குவதில்லை. தாயார் கண்ணீரோடு முழங்கால்படியிடுகிறார். தகப்பனார் திண்ணையில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார். சினிமாக் கொட்டகையின் வாசலையே மிதியாத ஒரு தலைமுறை நம் சபைகளில் உண்டு. அவர்களுக்கு இந்தச் செய்தி, பிள்ளை காணாமற்போய்விட்டான் என்கிற செய்தியைப் போன்றதே.

ஆனால் இதே பிள்ளைதானே ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆராதனையில் ஒலிக்கருவிகளைச் சரிசெய்தான்? கூட்டங்களைக் கேமராவில் பதிவுசெய்து, வெளிநாட்டிலுள்ள உறவினர் காணும்படி அனுப்பினான்? அப்பொழுது நாம் அவனைப் பாராட்டினோமே! கலையின் மேலுள்ள நாட்டம் ஒரே இரவில் முளைத்ததன்று. ஆகவே, கோபத்தினாலும் கண்ணீரினாலும் மட்டும் இதற்கு விடை காண இயலாது. நம் மண்ணிலேயே வாழ்ந்த ஒரு மனிதருடைய வரலாற்றைச் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

நம் சாலையில் நடந்த கதை

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரையில் களியக்காவிளையில் மாநில எல்லை கிடையாது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன்னர் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலை முழுவதும் ஒரே நாட்டின் சாலை. அதில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலித்தன.

அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த வசதியுள்ள கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜே. சி. டேனியல். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இவரைத்தான் மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் இன்று அழைக்கிறது. வாலிப வயதில் இவருக்குக் களரிப்பயிற்றில் மிகுந்த ஈடுபாடு. அந்தக் கலையை உலகம் அறிய வேண்டுமானால் சினிமாவே தகுந்த வழி என்று எண்ணினார். சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று தொழிலைக் கண்டறிந்தார். தம் பெயரிலிருந்த நிலத்தை விற்று, 1926-இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோவை நிறுவினார்.

அங்கே அவர் எடுத்த மௌனப்படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. காணாமற்போன குமாரன் என்பதே அதன் பொருள். கதை எழுதியவரும், இயக்கியவரும், ஒளிப்பதிவு செய்தவரும், கதாநாயகனாக நடித்தவரும் டேனியலே. திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் அது திரையிடப்பட்டது. அந்த நாளை 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 என்று திருத்தியிருக்கிறார்கள்.

கதாநாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்து, புல் அறுத்து விற்றும் காக்காரிசி நாடகங்களில் நடித்தும் பிழைத்த ஏழைப் பெண். படத்தில் அவர் ஏற்றது ஒரு நாயர் குலப் பெண்ணின் வேடம். அதைப் பொறுக்காத கூட்டத்தார் திரையின்மேல் கல் எறிந்தார்கள், திரை கிழிந்தது. ரோசியின் குடிசைக்கும் தீ வைத்தார்கள். அவர் ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்து, அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, வேறு பெயரில் வாழ்ந்தார். அதன்பின் அவர் நடிக்கவேயில்லை. வாசகரே, அந்த லாரி நாகர்கோவிலுக்குச் சென்ற வழியில்தான் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் இருக்கின்றன. நாம் பேருந்துக்குக் காத்து நிற்கும் அதே சாலை அது.

டேனியலுக்குப் போட்ட பணம் திரும்பவில்லை. ஸ்டுடியோவின் கருவிகளை விற்றார். திருவிதாங்கூரை விட்டு வெளியேறினார்.

இரண்டாம் முறை

இதுவரையிலான பகுதியைப் பலர் அறிவார்கள். வேலையை விட நினைக்கிற பிள்ளைகள் அறியவேண்டியது இதற்குப் பின் நடந்ததையே.

டேனியல் மனம் உடைந்து முடங்கிவிடவில்லை. பல் மருத்துவம் கற்று, பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி முதலிய ஊர்களில் தொழில் நடத்தினார். அது கைத்திறன் உள்ள தொழில். நிலையான வருமானம் தரும் தொழில். இழந்த குடும்பம் மீண்டும் காலூன்றிற்று. அந்த வேளையில், அந்நாளின் புகழ்பெற்ற நடிகர் பி. யு. சின்னப்பாவோடு அவருக்குப் பழக்கம் உண்டாயிற்று. பழைய ஆசை மறுபடியும் கிளர்ந்தது. நடந்துகொண்டிருந்த மருத்துவத்தை விட்டு, படம் எடுக்கும் எண்ணத்தோடு சென்னைக்குப் போனார் என்றும், அங்கே கையிலிருந்ததையும் இழந்து திரும்பினார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையிலும் நோயிலும் இருந்தார். நலிந்த கலைஞர்களுக்குரிய உதவி கேட்டபோது, அவர் தமிழ்நாட்டில் வசிப்பவர் என்ற காரணம் காட்டி மறுக்கப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. 1975-இல் அவர் காலமானார். பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாது எழுதியதனால்தான் அவருடைய பெயர் வெளிச்சத்திற்கு வந்தது. 1992-இல் கேரள அரசு தன் உயரிய திரைப்பட விருதை அவருடைய பெயரில் ஏற்படுத்திற்று. 2013-இல் அவருடைய வாழ்க்கை 'செல்லுலாய்ட்' என்ற படமாக வந்தது. மரியாதை வந்தபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இதை வாசிக்கிற தகப்பனார், "பார்த்தாயா மகனே, சினிமாவை நம்பினவன் கதி இதுதான்" என்று சொல்ல எழும்பலாம். சற்றுப் பொறுங்கள். மகனிடத்திலும் வேறு உதாரணங்கள் உண்டு. பெங்களூரில் இன்போசிஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்த நிவின் பாலி, அந்த வேலையை விட்டு 2010-இல் நடிக்க வந்து முன்னணிக்கு உயர்ந்தார். மென்பொருள் துறையிலிருந்த மதுரைக்காரர் கார்த்திக் சுப்பராஜ், 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் குறும்படங்கள் எடுத்துத் தம் திறமையைச் சோதித்த பின்னர், 2012-இல் 'பீட்சா' படத்தை இயக்கினார். வென்றவர்களை எண்ணி மகன் பேசுவான். தோற்றவரை எண்ணித் தகப்பன் பேசுவார். வென்றவர் பெயர் சுவரொட்டியில் இருப்பதால் நாம் அறிகிறோம். ஊருக்குத் திரும்பினவர்களுடைய பெயர்களை அறிகிறவர் யார்? ஆகவே உதாரணங்களால் இந்த வழக்கு தீராது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலாவது உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்ற உவமையை நாம் அறிந்திருக்கிறோம். டேனியலின் வாழ்க்கையிலிருந்து மூன்று கணக்குகளை எடுத்துக்கொள்ளுவோம்.

1. நிலத்தின் கணக்கு

டேனியல் விற்றது பிதிரார்ஜிதமான நிலம். நிலம் போனபின் திரும்பி வந்து நிற்க இடமில்லை. வேலையை விட விரும்புகிற தம்பி, தங்கையே, உங்கள் ஆசைக்கு யாருடைய பணம் செலவாகிறது? கல்விக் கடன் தீர்ந்ததா? வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறதா? ஒன்றிரண்டு ஆண்டுகள் வருமானம் இல்லாமலே உண்ணவும், வாடகை கொடுக்கவும், பெற்றோருக்கு மருந்து வாங்கவும் போதுமானது உங்கள் சொந்தச் சேமிப்பில் உண்டா? இல்லையெனில், அந்தச் சேமிப்புக்காகவே இன்னும் சில காலம் வேலையில் இருங்கள். மாலைகளும் விடுமுறை நாட்களும் உங்களுடையவை. ஒரு குறும்படத்தைத் தொகுத்துப் பாருங்கள். ஒலிச்சேர்க்கை பழகிப் பாருங்கள். அந்த வேலையின் சலிப்பையும் ருசித்தபின்னும் ஆசை நிற்குமானால், அது காற்றில் வந்த ஆசையன்று.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சினிமா என்றவுடன் நடிப்பையும் நடனத்தையும் மட்டும் எண்ணாதிருங்கள். படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, வண்ணச் சீரமைப்பு, வரைகலை ஆகிய அனைத்தும் கணினியறிவும் பொறுமையும் கேட்கிற தொழில்நுட்பப் பணிகள். இவற்றை முறையாகக் கற்பிக்க பூனாவிலும், கொல்கத்தாவிலும், சென்னைத் தரமணியிலும், கோட்டயம் மாவட்டத்திலும் அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. பிள்ளை எந்தப் பணிக்குப் போக விரும்புகிறான், அதை எங்கே கற்கப்போகிறான் என்று முதலாவது கேளுங்கள். பெயர் சொல்லத்தக்க பணி ஒன்றும் அவன் மனதில் இல்லையானால், அவன் விரும்புவது புகழை மட்டுமே என்பது அப்போது அவனுக்கே விளங்கும்.

2. காலத்தின் கணக்கு

டேனியலின் முதல் தோல்விக்கு ஜாதிவெறி மட்டும் காரணமன்று. அவர் தம் செல்வத்தையெல்லாம் மௌனப்படத்துக்குரிய ஸ்டுடியோவில் போட்டார். 1931 மார்ச் மாதத்தில் 'ஆலம் ஆரா' பேசிற்று. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ் பேசிய 'காளிதாஸ்' வந்தது. மௌனப்படத்தின் காலம் சில ஆண்டுகளுக்குள் முடிந்துபோயிற்று. கருவி வாங்கினவன் கடனில் நிற்க, தொழில் வேறு கருவிக்குத் தாவிவிட்டது.

நம் காலத்திலும் இதுவே நடந்தது. படச்சுருளைக் கழுவிப் பதித்துக் கொடுத்த கூடங்கள், டிஜிட்டல் கேமரா வந்தபின் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. இப்பொழுது செயற்கை நுண்ணறிவு, பின்னணிக் குரலையும் வரைகலையையும் தொடத் தொடங்கியிருக்கிறது. ஆகவே கருவியின்மேல் கடன் வாங்காதிருங்கள். எந்தக் கருவி வந்தாலும் உதவுகிற பயிற்சியின்மேல் முதலிடுங்கள். முயற்சிக்கு ஒரு காலவரையையும் குறித்து வையுங்கள். இத்தனை ஆண்டுகளில் இந்த நிலையை எட்டாவிட்டால் பழைய தொழிலுக்குத் திரும்புவேன் என்று வீட்டாரோடு உட்கார்ந்து ஒப்புக்கொள்ளுங்கள். அப்படிக் குறித்து வைத்தவனுக்குத் திரும்பி வருவது வெட்கமாயிராது.

3. மனிதரின் கணக்கு

முதலிரண்டு கணக்குகளையும் உலகத்தாரும் பார்ப்பார்கள். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துபோகிறோம். டேனியலின் கனவுக்கு அதிகமான விலை கொடுத்தவர் யார்? நிலத்தை இழந்த டேனியலுக்குப் பின்னர் மருத்துவத் தொழில் இருந்தது. இன்று விருதில் பெயர் இருக்கிறது. ரோசிக்கோ வீடும் ஊரும் பெயருமே போயின. கூலிக்கு வந்த ஒரு பெண், தான் எழுதாத கதைக்காகக் கல்லெறியப்பட்டார். 2019-இல் கேரளத் திரைப்படத் துறைப் பெண்கள் தங்கள் திரைப்படச் சங்கத்திற்கு அவருடைய பெயரை இட்டார்கள். அதற்குள் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை. மலையாளத் திரைப்படத் துறையில் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் நியமிக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியாயிற்று. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமை, படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாமை, பாலியல் தொல்லை ஆகியவற்றை அது எடுத்துரைத்தது. இந்தத் துறைக்கு மகளை அனுப்புகிற பெற்றோர் இதை அறிந்தே அனுப்ப வேண்டும். ஊதியமும் வேலை நேரமும் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றி எங்கும் சேராதே, புகார் செய்ய இடமில்லாத தளத்தில் நில்லாதே என்று சொல்லி அனுப்புங்கள்.

மகனை அனுப்புகிறவர்களோ இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "நீ ஒருநாள் படம் எடுப்பாயானால், உன்னிடம் கூலிக்கு வருகிறவர்களுக்கு உன் ஆசையினால் என்ன நேரும் என்று முந்திக் கேள். உன் நிலத்தை விற்க உனக்கு உரிமை உண்டு. அவர்களுடைய பாதுகாப்பை விற்க உனக்கு உரிமையில்லை." இல்லத்தில் இருக்கிறவர்களும் இந்தக் கணக்கிலே வருகிறவர்கள். மனைவியின் நகையும், வயதான பெற்றோரின் மருந்தும், தங்கையின் கலியாணமும், அவர்கள் மனமார ஒப்புக்கொடுத்தாலன்றிப் பிறருடைய கனவுக்குக் காணிக்கையாகக் கூடாது.

அன்பான பெற்றோரே, அந்தத் தொலைபேசி அழைப்பு உங்கள் வீட்டுக்கும் வரலாம். அன்றிரவு பிள்ளையைச் சபிக்காதிருங்கள். உடனே ஆமென் என்றும் சொல்லாதிருங்கள். "அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வா, உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அவன் இரயிலேறி வந்து பாறசாலையில் இறங்கட்டும். மரச்சீனியும் மீன்குழம்பும் பரிமாறி, மூன்று கணக்குகளையும் அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதன்பின் அவன் போனாலும் இருந்தாலும், வீட்டுக்குத் திரும்பிவரும் வழியை அறிந்தவனாய் இருப்பான்.