கிணறுகளின் மேல் எழும்பிய ஆலயம்

எங்கள் சித்தூர்ப் பக்கம் கிணறு வெட்டுவதென்றால் பாறையோடு மல்லுக்கட்டுவதுதான். கொஞ்சம் மண், அதற்குக் கீழே வெடி வைத்தால்தான் வழிவிடும் கல். என் அப்பா அந்தக் கூலி வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, சென்னைக்குப் போய் எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தைப் பார்க்கும்போதெல்லாம், எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, என் நினைப்பு தரைக்குக் கீழே போகிறது. அந்த ஆலயம் நிற்பதே கிணறுகளின் மேல்தான்.

சென்னையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியது அது. 'கிர்க்' என்றால் எழும்பூர்க்காரர்களுக்கு இன்றும் தெரியும். தாமஸ் டி ஹேவிலண்ட் வரைபடம் போட்டார். அதற்கு முன்பே, 1808இல், ஸ்ரீரங்கப்பட்டினத்தில் நீண்ட செங்கல் வளைவு ஒன்றைக் கட்டிக் காட்டிய துணிச்சல்காரர் அவர். வேலையை முன்நின்று நடத்தியவர் ஜேம்ஸ் கிராண்ட். 1818 ஏப்ரலில் அடிக்கல், 1821 பிப்ரவரியில் முதல் ஆராதனை.

கிடைத்த இடமோ தாழ்வான சதுப்பு நிலம். பாறை கிடையாது, மணலும் களியும்தான். அங்கே வழக்கமான கடைக்கால் போட்டால், 166 அடி உயரக் கோபுரத்தின் பாரத்தில் சுவர் ஒரு பக்கமாக இறங்கிவிடும். அதனால் 14 அடி முதல் 50 அடி ஆழம் வரை கிணறுகளை இறக்கினார்கள்.

கிணறு இறக்கும் முறை எளிது, ஆனால் கை பழகியிருக்க வேண்டும். தரைமேல் வட்டமாக ஒரு உறையை வைத்து உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட, அது தன் பாரத்திலேயே கீழே இறங்கும். அதன்மேல் அடுத்த வட்டம், பிறகு இன்னொன்று. கெட்டி மண் தட்டும்வரை இதே வேலைதான். ஒரு பக்கம் கூடுதலாகத் தோண்டினால் உறை சாய்ந்துவிடும். சாய்ந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. இது சீமையிலிருந்து கப்பலேறி வந்த வித்தை இல்லை. அரிக்கமேட்டில் கிடைத்த உறைகிணறுகளைப் பார்த்தாலே, இந்தக் கடற்கரை மண்ணுக்கு இது எவ்வளவு பழைய பழக்கம் என்று தெரியும். இந்த ஆலயத்தின் சிறப்பில் பாதி, உள்ளே இறங்கி மண் அள்ளியவர்களுடையது என்பேன்.

மேலே கட்டியதும் லேசான வேலை இல்லை. வட்டமான கூடம், 16 தூண்கள், அவற்றின்மேல் 51 அடிக்கும் அதிக விட்டமுள்ள குவிமாடம். அதன் உட்புறம் முழுக்க நீலம். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த நீலத்தின் கீழே நின்று ஒரு தூணைத் தொட்டுப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளாக அதன் பாரம் போய் இறங்குவது, நம் ஆட்கள் தோண்டிய குழிகளுக்குள்தான்.