திரையில் ஓர் ஆய்வகம்

மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் என்ன ஆகும்? வகுப்பில் செய்துபார்க்க எந்த ஆசிரியரும் விடமாட்டார். ஃபெட் என்ற இலவச இணையதளத்தில் தாராளமாகச் செய்யலாம். திரையிலேயே மின்கலம் தீப்பற்றி எரியும். மாணவர்கள் முதலில் செய்துபார்ப்பது இதைத்தான் என்று பந்தயமே கட்டலாம்!

2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இந்தத் தளம். இயற்பியலோடு வேதியியலும் கணிதமும் பிறகு சேர்ந்தன. திரையில் இவ்வளவு செய்ய முடிந்தாலும், நிஜக் கம்பியைத் திருகிப் பழக மட்டும் பள்ளி ஆய்வகத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

ஃபெட் செயல்விளக்கங்கள் சில தமிழிலும் உண்டு. பலவற்றை ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் போதும், பிறகு இணையம் இல்லாமலே இயங்கும்.