விலங்குடலும் மக்கட்பண்பும்

தோற்றுவாய்

ஆம்பூரிலிருந்து பாலாற்றை ஒட்டிக் கிழக்கு நோக்கிச் செல்வோர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து வேலூர்க் கோட்டையை அடைவர். கோட்டையினுள் அமைந்த சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம் விசயநகரக் காலச் சிற்பத் திறனுக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். அம்மண்டபத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் யாளிகளும் குதிரைகளும், அவற்றின்மேல் வீற்றிருக்கும் வீரரும் செதுக்கப்பெற்றுள்ளனர். இத்தகைய கலப்புருவங்களைக் காண்போர் அவற்றை எல்லாம் ஒரே வகையாகக் கருதுவதும், பாதி மனிதன் பாதி விலங்கு எனப் பொதுப்படச் சொல்லுவதும் உண்டு. யாளிக்கு அது பொருந்தாது. யாளி, சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் போல விலங்கோடு விலங்கு கலந்த உரு. மக்கட்கூறு அதன்கண் இல்லை. சங்கப் பாடல்களில் ஆளி எனப்பெறும் விலங்கும் யானையை அடும் வலிய விலங்காகவே பேசப்படுகின்றது.

மக்கட்கூறும் விலங்குக்கூறும் ஓருடலில் அமைந்த உயிர்கள் தமிழ் மரபில் தனியே உள்ளன. அவற்றின் உடலமைப்பு யாது, வாழ்க்கை எத்தகையது, அவற்றை மக்கள் என்பதா விலங்கு என்பதா என்னும் வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வினா ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் தொழில் வட்டாரத்தில் தனிப்பொருள் உடையது. மயிர் களைந்து பதனிட்ட தோலாயினும், அதன் மேற்பரப்பில் மயிர்க்கால்கள் நின்ற ஒழுங்கைக் கொண்டே இது வெள்ளாடு, இது செம்மறி, இது மாடு, இஃது எருமை எனத் தொழில் அறிந்தவர் துணிவர். விலங்கினத்தைத் துணிதற்கு உடலே போதிய சான்று. மனிதனைத் துணிதற்கும் உடலே போதுமா என்பதுதான் கேள்வி.

பொருத்துவாய் பற்றிய பாகுபாடு

இக்கலப்புயிர்களை, விலங்குடல் மக்களுடலோடு சேரும் பொருத்துவாய் எவ்விடத்தது என்பது கொண்டு மூன்றாக வகுக்கலாம்.

பொருத்துவாய் கழுத்தாக அமைவது முதல் வகை. இதனுள் இரு பிரிவு உண்டு. விலங்குத் தலையும் மக்கள் உடலும் உடையன ஒன்று; நரசிங்கமும், யானைமுகப் பிள்ளையாரும், குதிரைமுகத் தும்புருவும் இப்பிரிவின. மக்கள் தலையும் விலங்கு அல்லது பறவை உடலும் உடையன மற்றொன்று. பெண்முகமும் பசுவுடலும் சிறகும் பெற்ற காமதேனுவும், ஆண்டலை என்னும் புள்ளும் இதன்பாற்படும். பொருத்துவாய் இடையாக அமைவது இரண்டாம் வகை. இடைக்குமேல் மனிதராகவும் கீழே பாம்பாகவும் காட்டப்பெறும் பதஞ்சலியும், இடைக்குக்கீழ்ப் பறவையாகிய கின்னரரும் இவ்வகையினர். கைகால்களில் மட்டும் விலங்குக்கூறு அமைவது மூன்றாம் வகை. புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் இதற்குச் சான்றாவார்.

கின்னரரோடு சேர்த்து எண்ணப்பெறும் கிம்புருடர் என்னும் கணத்தின் பெயர் ஈண்டுக் கருதத்தக்கது. வடமொழியில் கிம் என்பது வினாச்சொல். புருடன் என்பது ஆண்மகன். எனவே, இவனும் ஒரு மனிதனோ என்னும் ஐயமே அவர்க்குப் பெயராயிற்று. கலப்புருவைக் கண்டார்க்கு முதற்கண் எழும் கேள்வி அப்பெயரிலேயே பொதிந்துள்ளது.

ஆண்டலைப் புள்

மக்கள் முகம் பெற்றமையால் ஓருயிர் மக்களாகிவிடுமோ எனின், ஆகாது என்பதற்கு ஆண்டலையே சான்று. ஆண்மகன் தலைபோலும் தலையுடைய பறவை என்பது இச்சொற்குரிய பொருள். சேவற்கோழியைக் குறித்தலும் உண்டு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், புகார் நகரத்துச் சுடுகாட்டின் அச்சந்தரும் ஒலிகளுள் ஒன்றாக இப்புள்ளின் குரல் கூறப்படுகின்றது. பிணத்தின் தலையைத் தின்ற பறவையாக அஃது ஆண்டுக் காட்டப்பெறுகின்றது. சிலப்பதிகார அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளை அடுக்குமிடத்தும் ஆண்டலையின் பெயர்பெற்ற பொறி ஒன்று இடம்பெறுகின்றது.

மனிதத் தலையை உடைய பறவை மனிதத் தலையையே உணவாகக் கொள்கின்றது. முகத்தளவில் மக்களை மிக நெருங்கிய இவ்வுயிர், வாழ்க்கையளவில் மக்களினின்றும் மிகத் தொலைவில் நிற்கின்றது. அதற்குரிய இடமாகப் புலவர் கண்டது சுடுகாடும் மதிற்போரும் ஆகும்.

புலிக்கால் முனிவர்

இதற்கு நேர்மாறான நிலை வியாக்கிரபாதருடையது. அவர் தில்லையில் இறைவனை வழிபட மலர் பறிப்பவர். பொழுது புலர்ந்தபின் பறித்தால் வண்டு வாய்வைத்த மலராகும். இருளில் பறிக்கப் புகுந்தால் பழுதிலா மலரைக் காண இயலாது. பனி நனைந்த மரங்களில் ஏறக் காலும் வழுக்கும். ஆதலின் புலியின் கைகால்களையும், அவற்றில் காணும் கண்களையும் வரமாக வேண்டிப் பெற்றார் என்பது வரலாறு. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியர் இயற்றிய கோயிற்புராணம் இவ்வரலாற்றை விரித்துரைக்கின்றது. தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என வழங்கும் பெயரும் இவரோடு தொடர்புடையதாகக் கூறப்பெறும்.

உடலியல் நோக்கில் இரண்டு செய்திகள் இதனால் பெறப்படுகின்றன. முதலாவது, இவ்விலங்குறுப்பு ஒரு தொழிலுக்காக அமைந்தது. மரம் பற்றுதற்கு நகம், இருளில் காண்டற்குக் கண் என ஒவ்வோர் உறுப்புக்கும் பயன் சொல்லப்படுகின்றது. புராணம் கூறும் விலங்குடல் பொருளற்ற விந்தையாக நில்லாமல், செய்யும் தொழிலுக்கு ஏற்ற கருவியாக நிற்றலை இதனால் அறிகின்றோம். இரண்டாவது, இவ்வுறுப்பு வழிவழி வருவதன்று. வியாக்கிரபாதர் மணம் புரிந்து பெற்ற மகன் உபமன்னியு. பாலுக்கு அழுது பாற்கடலையே பெற்ற அக்குழந்தைக்குப் புலிக்கால் இருந்ததாக வரலாறு கூறவில்லை. தந்தை முயன்று பெற்றது தந்தையோடு நின்றது. எனவே புலிக்கால் முனிவரைத் தனியோர் இனமாகக் கொள்ளுதல் பொருந்தாது; அவர் மனிதரே ஆவர்.

புருடாமிருகம்

இவ்விரண்டற்கும் இடைப்பட்டது புருடாமிருகம். புருஷாமிருகம் எனவும் எழுதப்பெறும் இப்பெயர் மிகத் தொன்மையானது. யசுர்வேதச் சங்கிதைகளில் அசுவமேத வேள்விக்குரிய உயிர்களின் பட்டியலில் புருஷமிருகம் என ஒன்று சந்திரனுக்குரியதாகக் கூறப்பட்டுள்ளது. அவ்விடத்துக் குரங்கையே அச்சொல் குறித்தது போலும் எனக் கருதும் ஆய்வாளர் உளர். மிருகம் என்னும் சொல் மானைக் குறிப்பதற்கு முன்னர்க் காட்டுவிலங்கு என்னும் பொதுப்பொருளில் வழங்கியது. வேதகாலத்து விலங்கின் பெயர் ஒன்று, பிற்காலத்தே தென்னாட்டில் மக்கள் முகமும் சிங்க உடலும் உடைய உயிருக்கு வழங்கலாயிற்று.

தில்லை முதலிய சிவன் கோயில்களில் இதன் உருவைக் காணலாம். சில இடங்களில் கழுத்துவரையிலும், சில இடங்களில் இடைவரையிலும் மனித உரு அமையும். நான்கு கால்களில் நிற்பதும் உண்டு; பின்னங்கால்களில் எழுந்து நிற்பதும் உண்டு. விழாக்காலத்தில் இறைவன் உலாப் போதற்குரிய ஊர்திகளுள் இஃது ஒன்றாகும். வழிபாட்டில் காட்டப்பெறும் தீபவகைகளுள்ளும் புருடாமிருக தீபம் என ஒன்று உண்டு. இவையனைத்தும் இவ்வுயிரை வழிபடும் உயிராகவே காட்டுதல் நோக்கத்தக்கது.

இதன் கதை தென்னாட்டு வாய்மொழியில் பரவியுள்ளது. விசயநகரக் காலத் தூண்சிற்பங்களிலும் வீமனும் புருடாமிருகமும் எதிர்ப்பட்டு நிற்கும் காட்சி உண்டு. தருமன் செய்யும் வேள்விக்குப் புருடாமிருகத்தை அழைத்துவர வீமன் செல்கின்றான். அதன் பாலைக் கொணரச் சென்றான் எனக் கூறுவாரும் உளர். அது சிவனையன்றிப் பிறரை வழிபடாதது. காற்றினும் கடுகிச் செல்வது. காற்றின் மகனாகிய வீமனும் அதனோடு ஓடி வெல்லுதல் அரிது. தன் எல்லைக்குள் அகப்பட்டால் அவன் தனக்கு உணவு என்பது அதன் முறை. கண்ணன் தந்த உருத்திராக்கங்களை வீமன் ஓடும் வழியில் ஒவ்வொன்றாக இடுகின்றான். இட்ட ஒவ்வொன்றும் இலிங்கமாகின்றது. துரத்திவரும் விலங்கோ இலிங்கத்தைக் கண்டவிடத்து நின்று, வழிபட்டபின்னரே மேற்செல்கின்றது. இறுதியில் எல்லையைக் கடக்கும் வீமனின் ஒரு கால் அப்பாலும் ஒரு கால் இப்பாலும் இருக்கும்போது புருடாமிருகம் அவனைப் பற்றிவிடுகின்றது.

வழக்குத் தருமனிடம் செல்கின்றது. குற்றஞ் சாட்டப்பட்டவன் நடுவனின் உடன்பிறந்தான், முறையிட்டதோ காட்டுயிர். தருமன், எல்லைக்குள் அகப்பட்ட பாதி உடல் புருடாமிருகத்துக்கே உரியது எனத் தீர்ப்பளித்தான். அந்நடுநிலை கண்டு மகிழ்ந்த புருடாமிருகம் வீமனை விடுவித்தது.

பாதி மனிதனாகிய உயிருக்கு ஒரு மனிதனின் பாதி உரியதாகின்றது என்பது இக்கதையின் உள்ளீடு. இந்நிகழ்ச்சியில் அவ்விலங்கு செய்தன மூன்று. பசியுற்றுத் துரத்தும்போதும் வழிபாட்டை விடவில்லை. பற்றிய இரையை உடனே தின்னாமல் முறைமன்றத்தை நாடிற்று. வென்ற உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தது. பத்தி, முறைமை, அருள் என்னும் மூன்றும் மக்கட்பண்புகள். கிரேக்கர் கதையில் தீப்சு நகரத்து வாயிலில் இருந்த பெண்முகச் சிங்கம், தன் விடுகதைக்கு விடைகூறாதவரைக் கொன்றது. குதிரையுடல் மாந்தராகிய கெந்தாவுர்களும் மண விருந்தில் குடித்து வன்செயல் புரிந்தவராகவே பேசப்படுவர். ஆசிரியனாகிய கைரோன் அவருள் விலக்கு. உருவால் இவற்றோடு ஒத்த புருடாமிருகத்தை அயல்நாட்டுப் பெயரிட்டு அழைப்பதோடு ஆராய்ச்சி நின்றுவிடின், இவ்வேற்றுமை மறைந்துபோகும்.

சிவாலய ஓட்டம்

இக்கதை ஏட்டிலும் கல்லிலும் மட்டும் நிற்பதன்று. குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மாசிமாதச் சிவராத்திரியை ஒட்டி நிகழும் சிவாலய ஓட்டம் இக்கதையை அடியொற்றியது. திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் ஆகிய 12 சிவன் கோயில்களுக்கும் அடியார்கள் கையில் விசிறியுடன் ஓடிச் சென்று வழிபடுவர். ஓடும் தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சிவன் கோயிலை நோக்கி ஓடுவோர் எழுப்பும் முழக்கமோ கோவிந்தன், கோபாலன் என்னும் திருமால் பெயர்கள். கதையில் வீமன் அப்பெயரைக் கூவியே சிவபத்தியுடைய விலங்கைச் சினமூட்டினான் என்பர். ஓட்டம் முடியும் திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் கோயில் உள்ளது. சைவ வைணவப் பிணக்கு, இவ்விலங்கு தெளிவு பெற்றவிடத்தில் முடிவதாக மக்கள் கண்டனர். இப்பகுதியில் புருடாமிருகத்தை வியாக்கிரபாதரோடு ஒன்றாகக் கூறும் வழக்கும் உண்டு. வேறுவேறு தோற்றமுடைய இரண்டு உயிர்களையும் வழிபாடு என்னும் பண்பே ஒன்றாக்கிற்று எனலாம்.

முடிபு

தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் அளவு பற்றி ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. மக்களுக்குரிய ஆறாவது அறிவு மனம். அவ்வாறறிவுப் பிறப்பு மக்களோடு முடிந்துவிடாமல் பிறவும் உண்டு என்பதற்கும் அந்நூல் இடந்தருகின்றது. வகுப்புக்கு அடிப்படை முகமோ காலோ அன்று. திருவள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில், உறுப்புகள் ஒத்திருத்தலை மக்களாதற்குச் சான்றாகக் கொள்ளாது, பண்பு ஒத்தலையே கொள்ளுகின்றார். கயமை அதிகாரத்தில் கயவரை மக்களைப் போன்ற தோற்றமுடையவராகக் கூறுவதும் இக்கருத்துப் பற்றியே. ஆண்டலை முகத்தால் மனிதன், செயலால் விலங்கு. புலிக்கால் முனிவர் காலால் விலங்கு, செயலால் மனிதர். புருடாமிருகம் உடலால் விலங்காய் நின்றும் முறைமையால் மன்னவையில் மனிதரோடு ஒப்ப நின்றது. பொருத்துவாய் உடலில் எவ்விடத்தது என்னும் பாகுபாடு சிற்பத்தை அறியப் பயன்படும். உயிரின் தரத்தை அறியப் பயன்படாது.

இது பழங்கதை பற்றிய செய்தியாக மட்டும் அமையுமாயின் இத்துணை விரித்துக் கூற வேண்டுவதில்லை. விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே கோடு கிழிக்கும் உரிமையை எடுத்துக்கொண்டோர், அக்கோட்டை மனிதர் நடுவிலும் இழுத்துள்ளனர். இறந்த விலங்கின் தோலைத் தொட்டு உழைத்தோரைத் தீண்டத்தகாதவர் எனத் தள்ளிவைத்த கொடுமை நம் நாட்டில் நெடுங்காலம் நிலவியது. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. மனங்களில் அதன் சுவடு இன்னும் முற்ற அழியவில்லை. புலித்தோலை உடுத்து யானைத்தோலைப் போர்த்தவனாக இறைவனைப் பாடியும், விலங்குடலை அவனுக்கு ஊர்தியாக்கியும், விலங்கின் முறையீட்டைக் கேட்டு உடன்பிறந்தானின் பாதியை ஈந்த மன்னனைப் போற்றியும் வந்த மரபு நம்முடையது. தோலைத் தொட்ட கையை இழித்தற்கு அம்மரபில் இடமில்லை. பாலாற்றங்கரைத் தோல் தொழில் ஊர்களில் உழைப்போரைப் பற்றி எண்ணும்போதேனும், புருடாமிருகத்துக்குத் தருமன் தந்த தீர்ப்பை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.