ஒப்புவித்தல்

வகுப்பறையில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்று 'ஒப்புவித்தல்'. கற்ற பாடத்தை ஆசிரியர்முன் பிழையறச் சொல்லுதல் அதன் ஒரு பொருள். தன் வசமுள்ளதைப் பிறர் வசம் கையளித்தல் மற்றொன்று. தம் வாழ்வை இறைவனிடம் ஒப்புவிப்பதாகக் கிறித்தவ அன்பர் கூறுங்கால் இரண்டாம் பொருளையே கருதுவர். ஆயினும் முதற்பொருளும் அதனுள் அடங்கி நிற்கின்றது என்பது என் துணிபு. கல்லாதவன் எதனை ஒப்புவிப்பான்?

'எல்லாம் அவன் செயல்' என வாளாவிருத்தலையே சரணாகதி எனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது என்பதற்குக் கடுகண்ணாவையில் வாழும் யான் நெடுந்தொலைவு சென்று சான்று தேட வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள கண்டி மாநகரின் வரலாறே போதும்.

கோவாவில் 1651 இல் பிறந்த யோசப் வாஸ் அடிகள், 1687 இல் எளிய கூலியாள் கோலத்தில் இலங்கை புகுந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் கழுத்திற் செபமாலையோடு வீடுதோறும் இரந்து சென்று, தம் சமயத்தாரைக் கண்டறிந்தார். 1692 இல் கண்டி இராச்சியத்தை அடைந்தபோதோ, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தால் சிறைப்பட்டார். சிறைக் கதவைத் திறத்தல் அவர் கையில் இல்லை. சிங்களம் கற்றல் அவர் கையில் இருந்தது, கற்றார்.

1697 இல் கண்டியிற் பெரியம்மை பரவிற்று. அரசனும் நகர் நீங்கினான். உற்றாரே நோயாளரைக் காட்டில் விட்டகன்றனர். ஜென்னர் தடுப்புமுறை கண்டது 1796 இல் அன்றோ? யார் பிழைப்பர், யார் மடிவர் என்பது அடிகள் அறியாதது. அறிந்த பணியைச் செய்தார். உணவூட்டினார், புண் கழுவினார், இறந்தோரை அடக்கினார். விளைவை இறைவனிடம் விட்டமையால், தம் உயிர்க்கு அஞ்சாது அவர் கைகள் தொழிற்பட்டன. 1711 இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

விருப்பமே அற்றுப்போதலும் ஒப்புவித்தல் ஆகாது. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுபிரான், துன்பம் தம்மை விட்டு நீங்குமாறு முதலில் வேண்டினார். பின்னரே தந்தையின் திருவுளத்துக்கு அமைந்தார். ஆசையை மறையாது சொல்லி, முடிவை விட்டுக்கொடுத்தலே அங்கு நாம் காணும் நெறி.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இந்நெறி மிகக் கடினமானது. பிள்ளையின் வருங்காலம் முழுவதையும் நம் கைக்குள் அடக்கவே விழைகின்றோம். அதனால் பிள்ளை அஞ்சுகின்றது; நாமும் உறக்கம் இழக்கின்றோம். கற்பித்தல் நம் கடன். திருத்துதலும் நம் கடன். விடைத்தாளைக் கையளித்து மண்டபத்தினின்றும் வெளிவந்த மாணவன், அதில் ஓரெழுத்தையும் இனி மாற்றவியலாது. அவ்வேளை அவன் தோளிற் கைவைத்து வீட்டுக்கு அழைத்துச் செல்லுதலே நமக்கு எஞ்சிய பணி.