அந்தி நேரத்து அடுப்பு



1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் வாணிபத்துக்காகத் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர தோட்டம் ஹேவாஹெட்ட வட்டாரத்தில் உள்ளது. இம்மலைகளில் கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு அந்தியில் வீடு திரும்பும் பெண்ணின் முன்னே நிற்கும் வினா ஒன்றே: இரவுக்கு என்ன சமைப்பது?

கெடாத பொருள்களைத் திட்டமிட்டு வாங்கி வைத்தல் நலம்: கோதுமை மா, மைசூர்ப் பருப்பு, நெத்திலிக் கருவாடு. காய்கறியையும் கீரையையும் அன்றன்று பார்த்து வாங்கலாம். கடையில் எது மலிவோ அதுவே அன்றைய கறி.

மைசூர்ப் பருப்பை ஊறவைக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 20 நிமிடங்களில் வெந்துவிடும். அதற்குள் தேங்காய்ப்பூ சேர்த்து ரொட்டி தட்டிவிடலாம். கோதுமைப் புரதத்தின் குறையைப் பருப்பு நிறைவு செய்கிறது. கீரையைத் தேங்காய்ப்பூவுடன் சுண்டி, இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால், கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் எளிதிற் சேரும்.

ஒன்றை மறவாதீர்கள். உணவோடு பருகும் தேநீர் அவ்விரும்புச் சத்து உடலிற் சேர்வதைக் குறைத்துவிடும். இரத்தச் சோகையால் வாடும் பெண்ணுக்கு இது சிறிய இழப்பன்று. ஆதலின், உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் பருகுங்கள்.